வயிற்றுக் கொழுப்பும் முதுமையில் நுரையீரலும்: அளப்பதிலிருந்து குறைப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

அறுபதைத் தாண்டிய ஒருவருக்குப் படியேறும்போது மூச்சு வாங்கினால் இரண்டு விளக்கங்கள் உடனே வந்துவிடும். ஒன்று, "வயசாகுதில்ல, அப்படித்தான் இருக்கும்." இன்னொன்று, "தொப்பையைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்." முதல் விளக்கத்தை நம்பி வருஷக்கணக்கில் சும்மா இருப்பவர்கள் உண்டு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதையே முழுசாக நம்பி, நுரையீரலை ஒருமுறைகூடச் சோதிக்காமல் விடுபவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்துதான்.

நாள்பட்ட நுரையீரல் நோய் என்று இங்கே நான் முக்கியமாகச் சொல்வது சிஓபிடியை. மூச்சுக்குழாய்கள் குறுகி, காற்றுப் பைகள் சேதமாகி, உள்ளே போன காற்று வெளியே வரத் திணறும் நோய் அது. அதற்கு முதல் காரணம் புகைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், பெருத்த வயிறு தனியாக ஓர் ஆபத்தைக் காட்டுகிறது. வயதானவர்கள் எடைமெஷினை விட அளவு நாடாவை அதிகம் நம்பலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வயிறு பெருத்தால் நுரையீரலுக்கு என்ன?

மூச்சை உள்ளே இழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தசை கீழே இறங்கும்போதுதான் நுரையீரல் விரியும். கீழே இறங்க வேண்டுமானால் வயிற்றில் இருப்பவை விலகி இடம் கொடுக்க வேண்டும். குடலைச் சுற்றிக் கொழுப்பு அடைந்து கிடந்தால் அந்த இடம் சுலபத்தில் கிடைக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் தசை கூடுதலாக உழைக்கும். மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் மேலே தள்ளும், இன்னும் சிரமம்.

சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். அந்த மிச்சக் காற்றுதான் நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள சின்னச் சின்ன மூச்சுக்குழாய்களை மூடவிடாமல் வைத்திருக்கிறது. வயிறு பெருக்கும்போது முதலில் குறைவது இந்த மிச்சம்தான். வயது ஏற ஏற நுரையீரலின் மீள்தன்மை தளர்வதால் அந்தக் குழாய்கள் தாமாகவே மூடிக்கொள்ளப் பார்க்கும். முதுமையும் தொப்பையும் ஒரே இடத்தில் அடிக்கின்றன. முப்பத்தைந்து வயதில் தாங்கிய அதே தொப்பையை எழுபதில் தாங்க முடியாமல் போவது இதனால்தான்.

இது இயந்திர வேலை. இதற்கு அடியில் இரசாயன வேலை ஒன்றும் நடக்கிறது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் குறையும். தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு இந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இறந்தவர்களின் நுரையீரல்களைச் சோதித்து, மூச்சுக்குழாய்ச் சுவரிலேயே கொழுப்பு படிந்திருப்பதைக் காட்டினார்கள். உடல் பருமன் கூடியவர்களுக்கு அந்தப் படிவும் கூடுதலாக இருந்தது.

அமெரிக்காவில் 50 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,13,279 பேரைச் சுமார் 10 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று, 2014-இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்தது. அதில் 3,648 பேருக்குப் புதிதாக சிஓபிடி வந்தது. வயிற்றுச் சுற்றளவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு, அதாவது பெண்களில் 110 சென்டிமீட்டரும் ஆண்களில் 118-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு, இயல்பான அளவுள்ளவர்களைவிட ஆபத்து 72 சதவீதம் அதிகம். வயிற்றுச் சுற்றளவைக் கணக்கில் சேர்த்த பிறகு, அதிக எடை என்பது மட்டும் தனியாக ஆபத்தைக் கூட்டவில்லை. மாறாக, மிகவும் ஒல்லியாக இருந்தவர்களுக்கு ஆபத்து 56 சதவீதம் கூடுதல். பிட்டச் சுற்றளவு பெரிதாக இருந்தவர்களுக்கும், வாரத்துக்கு 5 முறையோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் ஆபத்து குறைவு.

நோய் வந்ததை அவர்களே சொன்ன தகவலை வைத்துச் செய்த ஆய்வு இது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொடர்பு இருக்கிறது என்பதற்குத்தான் இது சான்று. தொப்பைதான் நோயை உண்டாக்கியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மூச்சுத் திணறல் இருப்பவர் நடமாட்டத்தைக் குறைப்பார், அதனால் தொப்பை போடும் என்ற எதிர்த்திசையும் உண்டு. ஆனாலும் வயிற்றைக் குறைத்துத் தசையைக் காப்பது இரண்டு திசையிலும் பலன் தரும் காரியம்.

படி 1: புகையை முதலில் நிறுத்துங்கள்

புகைபிடிப்பவர் இந்த வழிகாட்டியில் வேறெதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். இளமை கடந்த பிறகு எல்லோருக்குமே நுரையீரல் திறன் ஆண்டுதோறும் கொஞ்சம் குறையும். புகைபிடிப்பவர்களில் பலருக்கு அந்தச் சரிவு வேகமாக இருக்கும். நிறுத்தினால் இழந்தது திரும்பாது, ஆனால் சரிவின் வேகம் குறையும். எழுபது வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு.

"சிகரெட்டை விட்டால் குண்டாகிவிடுவேனே" என்ற பயம் பொய்யில்லை. விட்ட முதல் வருஷத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிக்கோட்டின் பட்டை, மாத்திரை போன்ற உதவிகளை மருத்துவரிடம் கேளுங்கள். மனவுறுதியை மட்டும் நம்பி இறங்குவதைவிட வெற்றி வாய்ப்பு கூடும். விறகடுப்புப் புகை, வேலையிடத் தூசி, வீட்டில் மற்றவர் விடும் புகை இவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

படி 2: வயிற்றைச் சரியாக அளப்பது

பேன்ட் அளவை வைத்துச் சொல்லாதீர்கள். பலர் தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுவதால், வயிறு வளர்ந்தாலும் பேன்ட் அளவு அப்படியே இருக்கும்.

தையல்காரர் வைத்திருப்பது போன்ற நீளாத நாடா வேண்டும். காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், வயிற்றில் துணி இல்லாமல் நில்லுங்கள். பாதங்களை ஒட்டி வைத்து, எடை இரு கால்களிலும் சமமாக இருக்கட்டும். விலாவில் பக்கவாட்டில் விரலால் அழுத்திக்கொண்டே கீழே வந்தால் கடைசி விலா எலும்பு முடியும் இடம் தட்டுப்படும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி. இன்னும் கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு கெட்டியாகத் தட்டும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் நாடா போக வேண்டும். தொப்புள் அதற்கு நேராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தளர்ந்த வயிற்றில் தொப்புள் இறங்கியிருக்கும் என்பதால் அதை அடையாளமாக வைக்க வேண்டாம்.

நாடா முதுகுப்பக்கம் சரிந்துவிடும். கண்ணாடியில் பாருங்கள், அல்லது இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோலில் படிய வேண்டும், அழுத்திப் பள்ளம் விழக்கூடாது. அப்புறம் சாதாரணமாக ஒரு மூச்சை விட்டு, அது முடியும் தறுவாயில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை எக்கிப் பிடிக்காதீர்கள், யாருக்காக எக்குகிறோம்? இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டு அளவையும் தள்ளிவிட்டுத் திரும்ப அளக்கவும்.

கூடவே கெண்டைக்கால் சதையின் மிகப் பெருத்த இடத்தையும் அளந்து எழுதிவையுங்கள். ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 3: எண்களைப் படிப்பது

உலகச் சுகாதார நிறுவனத்தின் பொதுவான வரம்புப்படி, வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 94 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. 102, 88 ஆகியவற்றைத் தாண்டினால் கணிசமாகக் கூடுகிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வைத்திருக்கும் எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80. இவை முதன்மையாக இதயம், சர்க்கரை நோய் ஆகியவற்றை மனதில் வைத்துப் போட்ட எல்லைகள். நுரையீரலுக்கென்று தனி எல்லை கிடையாது, இவற்றையே பயன்படுத்தலாம். இவ்வளவும் நினைவில் நிற்காது என்றால், வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண் முதுமையில் ஏமாற்றும். வயதானால் முதுகு வளைந்து உயரம் குறையும், தசை கரையும், கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். எடை பத்து வருஷமாக மாறவில்லை என்று பெருமைப்படுபவரின் உடம்பிலேயே இது அத்தனையும் நடந்திருக்கலாம். கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை: இந்த உடல்வாகுதான் எனக்குக் கவலை. கெண்டைக்காலை அளக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆசிய நாடுகளின் தசைக் குறைவு நிபுணர் குழு 2019-இல் வைத்த எல்லை, ஆண்களுக்கு 34 சென்டிமீட்டர், பெண்களுக்கு 33. அதற்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் பட்டினி கிடந்து எடை குறைக்கவே கூடாது.

வயிறு சில வாரங்களில் திடீரென்று பெருத்தாலோ, கால் வீக்கமும் சேர்ந்திருந்தாலோ, அதைக் கொழுப்பு என்று எண்ணி நடைப்பயிற்சியில் இறங்காதீர்கள். நீர் கோத்திருக்கலாம். மருத்துவரிடம் போங்கள்.

படி 4: மூச்சு வாங்குவதைக் கவனித்து எழுதுவது

மருத்துவரிடம் "மூச்சு வாங்குது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அதிகம் விளங்காது. எப்போது, எவ்வளவு வேலைக்கு என்பதுதான் முக்கியம். ஓடினால் மட்டுமா? சமதளத்தில் வேகமாக நடந்தாலா? உங்கள் வயதுக்காரர்களுடன் சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குகிறீர்களா? நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறதா? துணி மாற்றும்போதே வாங்குகிறதா? மூச்சுத் திணறலைத் தரம் பிரிக்க மருத்துவர்கள் பயன்படுத்துவதும் ஏறக்குறைய இந்த வரிசைதான்.

குனிந்து செருப்பு வாரைப் போடும்போது மூச்சு முட்டினால் தொப்பை காரணமாக இருக்கலாம். இதயமும் காரணமாக இருக்கலாம். படுத்தால் திணறி, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் இதயத்தை முதலில் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நீளும் இருமல், தினமும் சளி, வீசிங், ஒவ்வொரு ஜலதோஷமும் நெஞ்சுக்கு இறங்குவது இவை நுரையீரல் பக்கம் கைகாட்டும் அறிகுறிகள்.

படி 5: ஸ்பைரோமெட்ரி செய்துகொள்வது

காற்றை ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு சிஓபிடி இருக்கிறது என்றோ இல்லை என்றோ யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் நோய் இருக்கலாம். பருத்த உடம்போடு மூச்சு வாங்குகிறவருக்கு நோயே இல்லாமல் வருஷக்கணக்கில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

சோதனை எளியது, ஆனால் முழு மூச்சோடு ஒத்துழைக்க வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் மூக்கில் கிளிப் மாட்டுவார்கள். குழாயை உதடுகளால் கவ்வி, முடிந்த மட்டும் இழுத்து, ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். காற்று தீர்ந்துவிட்டதாகத் தோன்றும்போது எதிரே நிற்பவர் "இன்னும், இன்னும், நிறுத்தாதீங்க" என்பார். அந்தக் கடைசி நொடிகள் முக்கியம். பாதியில் விட்டால் அடைப்பு உள்ளவருக்கும் இல்லாதது போல முடிவு வரும். குறைந்தது மூன்று முறை ஊதச் சொல்வார்கள். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்ப ஊதச் சொல்வார்கள். சமீபத்தில் மாரடைப்போ, கண் அல்லது வயிற்று அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள். எஃப்விசி என்பது மொத்தமாக ஊதிய காற்று. எஃப்இவி1 என்பது அதில் முதல் நொடியில் வந்தது. மருந்துக்குப் பிறகும் இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.70-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. தொப்பையால் மட்டும் வரும் பாதிப்பில் இரண்டு எண்களும் சேர்ந்து இறங்கும், விகிதம் கெடாது. தொப்பையா, சிஓபிடியா, இரண்டுமா என்ற கேள்விக்கு விடை இந்த விகிதத்தில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வயதானால் இந்த விகிதம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். எண்பது வயதுக்காரருக்கு 0.68 என்று வந்தால் வயதுக்கான கீழ் எல்லையையும் பார்த்துச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். விகிதம் சரியாக இருந்து எஃப்இவி1 மட்டும் குறைவாக இருப்பவர்களில் சிலருக்குப் பின்னாளில் சிஓபிடி வருகிறது என்பதால், "அடைப்பு இல்லை" என்றதும் விஷயத்தை அத்தோடு விட்டுவிட வேண்டாம்.

படி 6: உடம்பை அசைப்பது

வயிற்றுத் தசைக்கான சிட்-அப் பயிற்சியால் தொப்பை கரையாது. ஓரிடத்துத் தசையை உழைக்க வைத்து அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் எடுக்க முடியாது. ஆனால் நடை, சைக்கிள், நீச்சல் போன்றவற்றைத் தொடர்ந்து செய்தால் குடலைச் சுற்றிய கொழுப்பு குறையும், சில சமயம் எடைமெஷின் முள் அசையாமலேயே. நாடாவை நம்பச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

இலக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு. பேச முடியும், பாட முடியாது என்ற அளவு வேகம் போதும். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கினால் ஐந்து நிமிடத்தோடு நிறுத்தி, உட்கார்ந்து, மறுபடி நடங்கள். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல விடுங்கள். அடைப்பு உள்ளவர்களுக்கு இது உடனடி நிம்மதி தரும்.

நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று நினைக்கும் மூத்தவர்கள் அதிகம். போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும் எடையில் ஒரு பகுதி தசையாகப் போய்விடும். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, இதுவே ஆரம்பத்துக்குப் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு எழாதீர்கள். எழும்போது மூச்சை விடுங்கள். தடுமாறி விழும் பயம் உள்ளவர்கள் பிடிமானத்தோடு ஒற்றைக் காலில் நின்று பழகலாம்.

நெஞ்சு வலி, மயக்கம், இதய நோய் இருந்தால் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சிஓபிடி உறுதியானவர்கள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். பல வாரங்கள் மேற்பார்வையில் நடக்கும் பயிற்சி அது. மூச்சுத் திணறலைக் குறைப்பதில் அதற்கு நல்ல பெயர், போகிறவர்கள்தான் குறைவு.

படி 7: சாப்பாடு

முதலில் கை வைக்க வேண்டியது சர்க்கரை கலந்த பானங்கள், மது, பொரித்த நொறுக்குகள். அடுத்தது தட்டில் மாவுச்சத்தின் பங்கு. அதைக் குறைத்து அந்த இடத்தில் காய்கறியும் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதமும் வரட்டும். ஆரோக்கியமான மூத்தவருக்கு நாளுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது நிபுணர் கருத்து. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் இறங்க இன்னும் இடமில்லாமல் போகும். மூன்று பெரிய வேளைகளை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்தால் சாப்பிட்டதும் வரும் திணறல் குறையும். எடை அதிகமுள்ளவர் சில மாதங்களில் 5 சதவீதம் குறைத்தாலே பலன் தெரியும். எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றிக் கேட்கிறார்கள்: கொழுப்போடு தசையும் குறையும் என்பதால், முதுமையில் அதை மருத்துவர் கண்காணிப்பில், புரதமும் தசைப் பயிற்சியும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

படி 8: தூக்கம், நெஞ்செரிச்சல், மருந்துகள், தடுப்பூசி

பெரிய வயிறு, பெரிய குறட்டை, பகலில் தூக்கம் மூன்றும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று சோதிக்க வேண்டும். சிஓபிடியோடு இதுவும் சேர்ந்தால் இரவில் ஆக்சிஜன் அதிகம் இறங்கும். தொப்பை அழுத்துவதால் இரைப்பை அமிலம் மேலே வந்து இருமலைக் கிளப்புவதும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விட்டு, கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்தினால் குறையும்.

ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் எடுத்தால் வயிற்றிலும் முகத்திலும் கொழுப்பு சேரும். அதற்காக நீங்களாகவே நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இன்ஹேலரில் போகும் அளவு மிகக் குறைவு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கொருமுறை. நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: ஏற்கெனவே சிஓபிடி இருந்து, உடம்பும் மெலிந்திருந்தால்

மேலே சொன்ன எடைக்குறைப்பு ஆலோசனைகள் உங்களுக்கு இல்லை. இந்த நோய் முற்றும்போது மூச்சு விடுவதற்கே சக்தி செலவாகும், உடம்பு இளைக்கும். பிஎம்ஐ 21-க்குக் கீழே போனவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருக்கிறது. வயிறு சற்றுத் தள்ளியிருந்தாலும், கெண்டைக்கால் மெலிந்திருந்தால் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்; புரதத்தையும் தசைப் பயிற்சியையும் கூட்டுங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பும் இருப்பதால் உடனே காட்ட வேண்டும்.

உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், குழப்பமாகப் பேசினால், நெஞ்சு வலித்தால், சளியில் இரத்தம் வந்தால், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி மூச்சும் வாங்கினால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருக்கும் சிஓபிடி நோயாளிகள் அளவைத் தாமாகக் கூட்டக்கூடாது. இரத்த ஆக்சிஜன் அளவுக்குப் பலருக்கு மருத்துவர் வைக்கும் இலக்கு 88 முதல் 92 சதவீதம்தான். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்கு இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும்.

படி 10: திரும்ப அளப்பது

எடையை வாரம் ஒருமுறை, வயிற்றையும் கெண்டைக்காலையும் மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே நாடாவால். வயிறு குறைந்து கெண்டைக்கால் அப்படியே இருந்தால் சரியான பாதை. இரண்டும் குறைந்தால் புரதத்தையும் தசைப் பயிற்சியையும் கூட்டி, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள். மூன்று மாதமாகியும் வயிறு அசையவில்லை என்றால் தைராய்டு, மருந்துகள், தூக்கம் ஆகியவற்றை மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள். வயிறு குறைந்தும் மூச்சு வாங்குவது குறையாவிட்டால் பழி தொப்பையினுடையது இல்லை. ஸ்பைரோமெட்ரியைத் திரும்பச் செய்து, கூடவே இதயத்துக்கு எக்கோ என்ற ஸ்கேனும் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.